களிமண் ஆவுளியாவின் குரல்

1

இந்தக் கதையில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. தேவிபட்டினத்துக் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணம் ஒன்பது கல்லின் மேல் சத்தியம். பள்ளிவாசலில் கைகால் கழுவும் ஹவுளில் நிறைந்திருக்கும் தண்ணீரின் மேல் சத்தியம். தங்கச்சிமடத்து மாதா கோயில் மணியின் மேலும் ஒன்று செய்துவிடுகிறேன், எந்தப் பக்கத்து வாசகருக்கும் மனக்குறை இருக்கக் கூடாது. இதுவும் போதாது என்பவர்களுக்கு என் கண்ணின் மேல் சத்தியம். இடது கண். வலது கண்ணில் போன வருடம் புரை எடுத்தார்கள். அதை நான் சத்தியத்துக்குப் பயன்படுத்துவதில்லை.

கதை எனக்கு டவுன் பஸ்ஸில் கிடைத்தது. ராமநாதபுரத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். முன் சீட்டில் ஒரு சிறுமி உம்மாவின் மடியில் உட்கார்ந்து செல்போனில் படம் பார்த்துக்கொண்டு வந்தாள். அடுத்தவர் போனை எட்டிப் பார்ப்பது தவறு. ஆகவே எட்டிப் பார்க்காமல் எழுந்து நின்றே பார்த்தேன். களிமண்ணில் செய்த ஓர் ஆட்டுக்குட்டி, ஒரு நண்டு, ஓர் ஆவுளியா. மூன்றும் கடற்கரையில் எதையோ தேடிப் போயின. (ஆவுளியா என்றால் கடற்பசு. எங்கள் பக்கத்துக் கடலில் புல் மேய்வது. கடலுக்குள் புல் ஏது என்று கேட்பவர்கள் வந்தால் கூட்டிப்போய்க் காட்டுகிறேன், படகு வாடகை உங்களுடையது.) ஆட்டுக்குட்டியின் முதுகில் யாருடைய கட்டைவிரல் ரேகையோ அப்படியே பதிந்திருந்தது. படம் முடிந்ததும் அந்தச் சிறுமி மறுபடி முதலிலிருந்து போட்டாள். ஊர் வரும்வரை அதே படம்.

படம் எடுத்தவர் எங்கள் தெருக்காரர், காதர் மைதீன். சிறுமி அவர் மகள் சூஃபியா. உம்மா ஜுவைரியா. இனி நான் காதர் மைதீனின் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு கதையை நடத்தப்போகிறேன். அவ்வப்போது அடைப்புக்குறிக்குள் தலையை நீட்டுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள், வயதானவன்.

2

தொடக்கம் எழுதினேன்.

"இளங்கதிர் கடலின் மேல் பொன்னை உருக்கி ஊற்றிக்கொண்டிருந்த வேளையில் காதர் மைதீன் தன் படகின்—"

நிறுத்திவிட்டேன். அவருக்குப் படகு இல்லை. அந்த வேளையில் அவர் எழுந்திருப்பதும் இல்லை.

இரண்டாவது தொடக்கம்: "மனிதன் ஏன் மண்ணைப் பிசைகிறான்? அவனே மண்ணிலிருந்து படைக்கப்பட்டவன் என்பதாலா, அல்லது"

இது பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை மேடையில் பேசுவதற்கு நன்றாக இருக்கும். கதைக்கு ஆகாது.

மூன்றாவதாக மதுரை விமான நிலையத்தில் தொடங்கிப் பார்த்தேன். அது நிலைத்துவிட்டது.

காதர் மைதீன் சார்ஜாவிலிருந்து மொத்தமாக முடித்துக்கொண்டு வந்து இறங்கினார். அவர் போகும்போது சூஃபியா ஜுவைரியாவின் வயிற்றில் இருந்தாள். முதல் லீவுக்கு வருவதற்குள் கொரோனா வந்து விமானங்கள் நின்றன. அடுத்த லீவைக் கம்பெனி தள்ளிப்போட்டது. அதற்கடுத்ததை அவரே தள்ளிப்போட்டார், தங்கச்சி கல்யாணத்துக்குச் சேர்த்து வைக்க. இப்போது கம்பெனியை இழுத்து மூடிவிட்டதால் வந்திருந்தார். அவரைப் பார்க்கவென்று பச்சைப் பாவாடை கட்டி நின்ற மகளுக்கு ஐந்து வயது.

ஜுவைரியா அவளை முன்னால் தள்ளினாள். "வாப்பா வந்துட்டாக பாரு. ஸலாம் சொல்லு."

சூஃபியா அண்ணாந்து பார்த்தாள். அண்ணாந்தது போதாமல் இன்னும் கொஞ்சம் அண்ணாந்தாள். பிறகு உம்மாவின் கையிலிருந்த செல்போனைக் காட்டினாள்.

"வாப்பா அதுக்குள்ளல்ல இருக்காக."

"அந்த வாப்பாதான்டி இது."

"இல்ல. வாப்பா இத்தினிக்கூண்டு." உள்ளங்கையை விரித்து அளவு காட்டினாள். "இவுக மாமா."

வளர்த்த மரியாதை போகவில்லை. "அஸ்ஸலாமு அலைக்கும், மாமா" என்றாள்.

காதர் மைதீன் பதில் ஸலாம் சொன்னார்.

(வீடியோவில் முகத்தைப் பார்த்திருப்பாளே என்று கேட்பீர்கள். பார்த்திருக்கிறாள், பிறந்ததிலிருந்து. அதுதான் வினை. ஐந்து வருடமாக உள்ளங்கைக்குள் அடங்கிய ஒரு மனிதரைப் பார்த்து வளர்ந்த பிள்ளையிடம், ஆறடியில் தாடி வைத்த, பெட்டி வாசம் அடிக்கிற ஒருவரைக் காட்டி அதே ஆள் என்றால், நீங்களானால் நம்புவீர்களா? நான் நம்பமாட்டேன். நான் எதையும் எளிதில் நம்புகிறவன் இல்லை.)

3

சார்ஜாவில் அவருக்குக் களிமண் பிசையும் வேலை. பிஸ்கட்டுக்குக் கை கால் முளைத்து ஆடும், பல்பொடி டப்பா மீசையை முறுக்கும். அப்படி விளம்பரம் எடுக்கிற கம்பெனி. பெரிய விளக்குகளின் சூட்டில் களிமண் இறுகாமலும் இளகாமலும் பதமாகப் பிசைந்து கொடுப்பது காதர் மைதீனின் பாடு. பொம்மையை அசைத்து அசைத்துப் படம் பிடிப்பதற்கு வேறு ஆட்கள். அவர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.

வேலை முடிந்ததும் போன். ஊரில் அந்தி மஃரிப் தொழுகை முடிகிற நேரம். மகளுக்குக் கதை சொல்வார். கதையென்றால் வாயால் சொல்கிற கதையா? ஆட்டுக்கு ஒரு குரல், நண்டுக்கு ஒரு குரல், ஆவுளியாவுக்குத் தொண்டைக்கு அடியிலிருந்து உருட்டி எடுக்கிற ஒரு குரல். ஒருமுறை அவர் போனில் காகம் போலக் கரைந்தபோது, தேவிபட்டினத்தில் ஜுவைரியா வீட்டுச் சுவரில் இருந்த காகங்கள் எழுந்து சார்ஜாவை நோக்கிப் பறந்துவிட்டன. பாதிக் கடலில் திரும்பின. திரும்பியதை நான் பார்த்தேன், களைத்திருந்தன.

அவர் வீட்டுக்கு வந்துவிட்டதால் போன் அடிக்கவில்லை. அடிக்க என்ன இருக்கிறது? ஆனால் சூஃபியா முதல் நாள் மஃரிபுக்குப் பிறகு போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மறுநாளும் உட்கார்ந்தாள். அதற்கு மறுநாள் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டாள்.

"வாப்பா பேசுனாத்தான் சோறு."

ஜுவைரியா புருஷனைப் பார்த்தாள். "இங்கனதான இருக்கீக மச்சான். பேசுங்களேன்."

காதர் மைதீன் மகளருகே உட்கார்ந்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, ஆவுளியாவின் குரலை எடுத்தார். "என்ன குட்டி, கரையில ஒக்காந்து என்ன யோசன?"

சூஃபியா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"வாப்பா மாதிரி பேசாதீங்க மாமா."

அவர் எழுந்தார். நேரே மொட்டை மாடிக்குப் போனார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துத் தன் வீட்டுக்கே அடித்தார். கீழே மணி கேட்டது. மகள் ஓடுகிற சத்தமும் கேட்டது.

"வாப்பா! ஏன் பேசல?"

"வேல இருந்துச்சு சீதேவி."

"எங்க வீட்டுக்கு ஒரு மாமா வந்துருக்காக."

"அப்புடியா. எப்புடி இருக்காக?"

"பெருசா இருக்காக. சாப்புட்டா ஏப்பம் விடுறாக. ஒங்கள மாதிரி பேசிக் காட்டுறாக, நல்லாவே இல்ல."

"சரி சரி. சோறு சாப்புட்டியா?"

"இப்ப சாப்புடுறேன்."

சாப்பிட்டாள். அது அன்றோடு முடியவில்லை. ஒவ்வொரு மஃரிபுக்கும் அவர் மாடியேறினார். கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று, கீழ்வீட்டிலிருக்கும் மகளோடு வளைகுடாவிலிருந்து பேசினார்.

"மூணு எட்டுல மாடிப்படி. அதுக்கு மேல போனா ஒங்களுக்கு விசா இல்லாமலே சார்ஜா" என்றாள் ஜுவைரியா. "இது எங்கன போய் முடியும் மச்சான்? பேசப் பேச அவளுக்கு அந்த வாப்பாதான் நெசமாகுறாக. பேசாம விட்டா அவ சாப்புடமாட்டேங்குறா. ரெண்டுல ஒண்ணச் செய்யுங்க."

"ரெண்டும் முடியல, ஜுவைரியா" என்றார் அவர்.

இந்தக் கதையில் இதுதான் சிக்கல். வேறு சிக்கல் எதுவும் பின்னால் வராது. வருமென்று காத்திருக்க வேண்டாம். போனுக்குள் இருக்கும் வாப்பா போனால்தான் வீட்டுக்குள் இருக்கும் வாப்பா வரமுடியும். ஆனால் பிள்ளை பாசம் வைத்திருப்பது போனுக்குள் இருப்பவர் மேல். அவரைக் கொல்ல இவருக்கு மனம் வரவில்லை. அவரும் இவர்தானே.

4

மாடியில் நின்றபோது ஒரு நாள் மாலை, கடலில் ஒரு புள்ளியைப் பார்த்தார். புள்ளி வரவரக் கடுகானது, புளியங்கொட்டையானது, கடைசியில் ஆள் நிற்கிற வள்ளமாகிக் கரை சேர்ந்தது. காதர் மைதீனுக்கு விளங்கிவிட்டது. தூரத்தில் இருப்பது சின்னதாகத் தெரியும். பக்கத்தில் வந்தால் பெரிதாகும். பிள்ளைக்கு இது ஒன்று புரிந்தால் போதும். சொன்னால் புரியாது. காட்ட வேண்டும்.

(இந்தப் பத்தியை நான் மூன்று முறை அடித்தேன். கடலைப் பார்த்தவுடன் ஞானம் வருகிற ஆட்களை எனக்குப் பிடிக்காது. நான் எழுபது வருடமாகப் பார்க்கிறேன், தும்மல்தான் வந்திருக்கிறது. ஆனால் அவர் புள்ளியைப் பார்த்தது உண்மை. சத்தியம் செய்திருக்கிறேன்.)

படம் எடுப்பது என்று முடிவானது. கதை இதுதான்: ஆட்டுக்குட்டியின் வாப்பா ஆடு கடல் தாண்டிப் போயிருக்கிறது. குட்டி தேடிப் புறப்படுகிறது. நண்டு வழிகாட்டுகிறது, தப்புத் தப்பாக. ஆவுளியா குட்டியைத் தண்ணீர் ஓரம் உட்காரவைத்து, "அங்கன பாரு" என்கிறது. தொடுவானத்தில் ஒரு கடுகு. கடுகு வளர்ந்து வளர்ந்து பெரிய ஆடாகிக் கரையேறுகிறது. குட்டி அதை "வாப்பா" என்று கூப்பிடுகிறது. முடிந்தது.

எழுதும்போது ஒரு வாக்கியத்தில் அடங்குகிறது. எடுக்கும்போது களிமண் அடங்கவில்லை.

ராமநாதபுரத்துக் கடையில் பிள்ளைகள் விளையாடுகிற கலர் களிமண் வாங்கினார். சித்திரை வெயில். காலையில் செய்த காகம் நண்பகலில் மேசையிலிருந்து இறங்கி, வாசலைக் கடந்து, சாக்கடை வரை ஓடியிருந்தது. காகமென்று பெயர் வைத்துக்கொண்டு ஓடியே போன ஒரே பறவை அதுதான். கதையிலிருந்தே அதை எடுத்துவிட்டார்.

பிறகு இருளாண்டியைக் கூப்பிட்டார். இருளாண்டி முதுகுளத்தூர்க்காரர், ஆட்டு வியாபாரி. வாராவாரம் வண்டியில் ஆடு ஏற்றிக்கொண்டு எங்கள் பக்கம் வருவார்.

"அண்ணே, அடுத்த தடவ வாரப்ப ஒங்க கம்மாய்க் கரம்பமண்ணு ரெண்டு மூட்ட போட்டுக்கிட்டு வாங்க."

"வெளிநாட்டுலருந்து வந்தவுக தங்கம் கேப்பாக, தோட்டம் கேப்பாக. நீ என்ன பாய் எங்க ஊரு மண்ணக் கேக்குற? வீடு கட்டவா?"

"ஆடு செய்ய."

"ஆடா? அத நான் தாரேனே. செய்யிற சோலியே இல்ல. அதுவா செஞ்சுக்கிட்டு அதுவா வருது."

"இது நான் சொன்னபடி நடக்கணும்ணே."

"அப்ப மண்ணுலதான் செய்யணும்" என்று இருளாண்டி ஒப்புக்கொண்டார்.

கண்மாய் அடியில் படிகிற கரம்பை வந்தது. வழவழவென்று வெண்ணெய் மாதிரி மண். ஆனால் உப்புக்காற்று பட்டதும் இரண்டு நாளில் வெடித்துவிட்டது. ஆட்டுக்குட்டி முதுகு பிளந்து கிடந்ததைப் பார்த்த இருளாண்டி, "தண்ணி வத்துன கம்மாய் மாதிரில்ல வெடிச்சிருக்கு" என்றார்.

எண்ணெய் சேர்த்தால் இறுகாது என்று காதர் மைதீனுக்குத் தெரியும். சார்ஜாவில் சேர்ப்பார்கள். என்ன எண்ணெய் என்று அங்கே அவரிடம் யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்டுக்கொள்ளவில்லை. தேவிபட்டினத்துக்காரருக்கு எண்ணெயென்றால் எது கைக்கு வரும்? வள்ளத்தின் மரம் வெடிக்காமலிருக்கப் பூசுகிற சுறா எண்ணெய். அதை ஊற்றிப் பிசைந்தார். மண் அற்புதமாகப் பதமானது. எந்த வெயிலிலும் அசையவில்லை, வெடிக்கவில்லை.

பூனைகள் வந்தன.

முதலில் எங்கள் தெருப் பூனைகள். பிறகு கடைவீதிப் பூனைகள். சாயங்காலம் ராமநாதபுரத்திலிருந்து இரண்டு பூனைகள் பஸ்ஸில் வந்து இறங்கின. கண்டக்டர் டிக்கெட் கேட்கவில்லை, சீசன் டிக்கெட் என்று நினைத்திருப்பார். அன்று கதாநாயகியான ஆவுளியாவை ஒரு கடுவன் கவ்விக்கொண்டு ஓட, காதர் மைதீன் பள்ளிவாசல் முனை வரை விரட்டிப்போய் மீட்டு வந்தார். ஆவுளியாவின் துடுப்பில் பல் பதிந்திருந்தது. கூர்ந்து பார்த்தால் படத்தில் இப்போதும் தெரியும்.

அதனால்தான் அவர் அறைக் கதவை மூடிக்கொண்டார். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். பூனைக்காகத்தான் மூடினார்.

5

ஒரு நெல்லளவு காலை நகர்த்த வேண்டும். ஒரு படம் பிடிக்க வேண்டும். மறுபடி ஒரு நெல்லளவு. ஒரு முழு நாள் குனிந்து நின்றால் ஆட்டுக்குட்டி ஒரு முழம் நடக்கும். நடுவில் யாராவது மேசையை இடித்துவிட்டால் குட்டி ஆகாயத்தில் எம்பிக் குதித்தது போலாகிவிடும். ஆகவே யாரும் உள்ளே வரக்கூடாது. சூஃபியா முக்கியமாக வரக்கூடாது. அவளுக்காக எடுக்கிற படத்தை அவள் முன்னாலேயே பார்த்துவிட்டால் என்ன பலன்?

சித்திரை போய் ஆடி வந்தது. ஆடி போயும் கதவு திறக்கவில்லை. வாப்பா ஆடு ஒன்று போதாது. தூரத்திலிருந்து வர வேண்டுமே. கடுகளவில் ஒன்று, புளியங்கொட்டை அளவில் ஒன்று, எலுமிச்சை, தேங்காய், கடைசியில் நிஜக் குட்டி ஆட்டின் உயரத்துக்கு ஒன்று என்று வரிசையாகச் செய்தார். எல்லா முகமும் ஒரே முகமாக இருக்க வேண்டும். கடுகளவு ஆட்டுக்கு ஊசி முனையால் கண் வைத்தபோது மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்.

கதவுக்கு வெளியே சூஃபியா வந்து உட்கார ஆரம்பித்தது எப்போது என்று அவருக்குத் தெரியாது. உள்ளே அவர் குரல் பதிவு செய்வார். ஆவுளியா உருட்டும், நண்டு கீச்சிடும். வெளியே அவள் கதவில் காதை வைத்துக்கொண்டிருப்பாள்.

"மாமா ரூமுக்குள்ள வாப்பாவ வச்சிருக்காக" என்று உம்மாவிடம் சொன்னாள். "தெறக்க மாட்டேங்குறாக."

ஜுவைரியா கதவைத் தட்டினாள். "கொஞ்சம் வெளிய வாங்க மச்சான்."

"இன்னும் ரெண்டு எட்டுத்தான். கரையேறப் போகுது."

"அது கரையேறுறது இருக்கட்டும். புள்ள வாசல்ல ஒக்காந்துருக்கா. அவளுக்குச் சட போட்டுவிடுங்க. சைக்கிள்ல வச்சுக் கடைக்குக் கூட்டிட்டுப் போங்க. மாமான்னே கூப்புடட்டுமே, என்ன இப்ப? ஒரு மாசம் சட போட்டா அவளா மாத்திக் கூப்புடுவா."

"படத்தப் பாத்தா ஒரே நாள்ல கூப்புடுவா."

"அஞ்சு வருசம் கடலுக்கு அங்கிட்டு இருந்தீக. இப்பக் கதவுக்கு அங்கிட்டு இருக்கீக. கடலாவது பெருசு, மன்னிக்கலாம்."

(இங்கே எனக்கு ஜுவைரியாவின் மேல் சந்தேகம். இவ்வளவு தெளிவாகப் பேசுகிறவள் ஏன் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போகவில்லை? ஒரு வரைவில் உடைக்க வைத்தேன். அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு போனாள், கதவு விழுந்தது, ஆடுகள் நசுங்கின, கணவனும் மகளும் அவளும் கட்டிப்பிடித்து அழுதார்கள். கதை அந்தப் பக்கத்திலேயே சுபமாக முடிந்துவிட்டது. வாசித்துப் பார்த்தேன். ஜுவைரியா அப்படிச் செய்யமாட்டாள். புருஷன் ஐந்து வருடமாக அடுத்தவர்களுக்காகப் பிசைந்த மண்ணை முதல் தடவையாகத் தனக்கென்று அசைத்துப் பார்க்கிறான் என்பது அவளுக்கும் தெரியும். குழவியைத் திரும்ப அம்மியில் வைத்துவிட்டேன்.)

கதவு திறந்திருக்கலாம். இதை எழுதும்போது எனக்கே கை நீள்கிறது. உள்ளே குனிந்திருக்கும் மனிதருக்கும் வெளியே குத்தவைத்திருக்கும் பிள்ளைக்கும் நடுவில் ஒரு பலகை. அந்தத் தாழ்ப்பாளை எழுதியவன் நான்தான், நீக்கவும் என்னால் முடியும். ஆனால் பூனைகள் வெளியே இருக்கின்றனவே. கதையில் ஒன்றைக் கொண்டுவந்துவிட்டால் பிறகு அதற்குச் சோறு போட வேண்டியிருக்கிறது.

6

ஐப்பசி மழையில் படம் முடிந்தது. ஆறு நிமிடம். அதுவும் பெயர் போடுகிறதையும் சேர்த்து.

எதில் காட்டுவது? பக்கத்து வீட்டில் பெரிய டிவி இருந்தது. பள்ளிக்கூடத்தில் திரை இருந்தது. காதர் மைதீனின் கை எதை எடுத்தது தெரியுமா? செல்போனை. இந்த ஊரில் வளைகுடா போய்வந்த யாராக இருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பார்கள். பிள்ளைக்கு எதையாவது காட்ட வேண்டுமென்றால் அவர்களுக்கு வேறு வழி பழக்கமில்லை. ஜுவைரியாவின் போனுக்குப் படத்தை அனுப்பி மகளின் கையில் கொடுத்தார். இதைத்தான் நான் இந்தக் கதையின் பிழை என்று நினைக்கிறேன். அவர் இன்னமும் அப்படி நினைக்கவில்லை.

சூஃபியா பார்த்தாள். குட்டி நடந்தபோது தானும் தலையை ஆட்டினாள். நண்டு தப்பு வழி காட்டியபோது, "அங்கிட்டுப் போகாத" என்றாள். ஆவுளியா தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கி, "என்ன குட்டி, கரையில என்ன தேடுற?" என்றதும் அவள் முகம் மாறியது.

"வாப்பா பேசுறாக" என்றாள்.

காதர் மைதீன் ஜுவைரியாவைப் பார்த்தார். ஜுவைரியா மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடுகு வந்தது. வளர்ந்தது. பெரிய ஆடு கரையேறியது. குட்டி, "வாப்பா" என்றது. அதற்கும் குரல் அவருடையதுதான்.

"பாத்தியா சீதேவி" என்றார் காதர் மைதீன். "தூரமா இருந்தப்ப இத்தினிக்கூண்டு. கிட்ட வந்தப்ப பெருசு. ஒரே ஆடுதான்."

சூஃபியா எழுந்து, திறந்திருந்த அறைக்குள் போனாள். அவர் தடுக்கவில்லை. படம்தான் முடிந்துவிட்டதே. உள்ளே பலகையின் மேல் வாப்பா ஆடுகள் வரிசையாக நின்றிருந்தன, கடுகிலிருந்து குட்டி உயரம் வரை. அவற்றை எடுத்து வைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. படம் பிடிக்கிறவனுக்கு அவை ஒரே ஆடு. பார்க்கிற யாருக்கும் ஒரு மந்தை.

அவள் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தாள். பெரிய ஆட்டின் அருகே நின்று அண்ணாந்தாள். பிறகு வரிசையின் மறுமுனைக்குப் போய், கடுகளவு ஆட்டை நகத்தால் நெம்பி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"இதுதான் வாப்பா ஆடு" என்றாள். "மத்ததெல்லாம் மாமா ஆடு."

பிறகு வெளியே வந்து போனை எடுத்தாள். படத்தைத் தள்ளித் தள்ளி ஆவுளியா தலையைத் தூக்கும் இடத்தில் நிறுத்தினாள். திரைக்கு வாயைக் கிட்டக் கொண்டுபோய்ப் பேசினாள்.

"வாப்பா, இந்த மாமா நல்லவுகதான். ஆடெல்லாம் செஞ்சு தாராக. நீங்க எப்ப வருவீக?"

ஆவுளியா வாயைத் திறந்தபடி நின்றிருந்தது. அவள் பதிலுக்குக் காத்திருந்தாள்.

7

இனி முடிவு. மூன்று எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்று. மஃரிபுக்குப் பிறகு அவர் மாடியிலிருந்து போன் அடிக்கிறார். மகள் எடுக்கிறாள். அவர் பேசிக்கொண்டே படியிறங்குகிறார். பேச்சை நிறுத்தாமல் அவள் முன்னால் வந்து நிற்கிறார். போனில் கேட்கிற குரலும் எதிரே அசைகிற உதடும் ஒன்றாகின்றன. அவள் போனைக் கீழே வைக்கிறாள். (அழகான முடிவு. ஆனால் பேசிக்கொண்டிருக்கும் இரண்டு போன்களைக் கிட்டக் கிட்டக் கொண்டுவந்தால் கீய் என்று அலறும். பிள்ளை பயந்து ஓடிவிடும். வேண்டுமானால் வீட்டில் செய்து பாருங்கள்.)

இரண்டு. அவர் போன் அடிப்பதை நிறுத்திவிடுகிறார். வாப்பா ஏன் பேசவில்லை என்று அவள் அழுகிறாள், சாப்பிட மறுக்கிறாள், இளைக்கிறாள். பிறகு எல்லாப் பிள்ளைகளையும் போல மறக்கிறாள். ஒரு நாள் சடை போட்டுக்கொண்டே, "வாப்பா, இறுக்காதீங்க" என்று அவரைச் சொல்கிறாள். அவர் நினைத்தது நடந்துவிட்டது. ஆனால் போனுக்குள் இருந்தவருக்காக அவள் அழுத நாட்களில், பக்கத்திலேயே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதரை என்ன செய்வது? அவரிடம் யார் துக்கம் கேட்பது? இதை எழுத எனக்குத் தைரியம் போதவில்லை.

மூன்று. "ஜுவைரியா போனை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போய், நவபாஷாணத்துக்கு அப்பால்"

இல்லை. கடலில் ஏற்கெனவே போதுமான குப்பை இருக்கிறது.

நான்காவதாக ஒன்று எழுத உட்கார்ந்தேன். அதில் அவர் படத்தை மறுபடி எடுக்கிறார். இந்த முறை கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, மகளையும் உள்ளே உட்காரவைத்து, அவள் விரலைப் பிடித்து ஆட்டின் காலை ஒரு நெல்லளவு நகர்த்துகிறார். மேசை இடிபடுகிறது. ஆடு ஆகாயத்தில் குதிக்கிறது. இருக்கட்டும் என்று விடுகிறார். பூனை வருகிறது. அதையும் விடுகிறார். இந்த முடிவை நான் சித்திரையிலேயே எழுதியிருக்க வேண்டும். இப்போது மண் மிச்சமில்லை, இருளாண்டி ஊரில் கண்மாய் நிறைந்து கிடக்கிறது, கரம்பை எடுக்க அடுத்த கோடை வர வேண்டும். அதுவரை சூஃபியா அதே அளவில் இருக்கமாட்டாள்.

ஆகவே காதர் மைதீனை மாடிப்படியின் நடுவில் நிறுத்திவிட்டு நான் விலகிக்கொள்கிறேன். மஃரிப் முடிந்துவிட்டது. அவர் கையில் போன். கீழே அவள் கையில் போன். மேலே போய் அடிப்பாரா, கீழே போய் அவள் பக்கத்தில் உட்காருவாரா என்பதை நீங்கள் சொல்லுங்கள். எதைச் சொன்னாலும் அவர் கேட்பார், நல்ல மனிதர். என்னிடம் கேட்க வேண்டாம். நான் எங்கே கொண்டுபோய் நிறுத்தினாலும் அந்தப் பிள்ளை அடுத்த வரியில் எதையோ கேட்கிறாள்.

போவதற்கு முன் ஒரு தகவல் மட்டும். எங்கள் தெருக் காதர் மைதீன் பிறவியிலேயே வாய் பேசாதவர்; இதில் அவர் பேசியதெல்லாம் என் குரல்.